செந்தூல் வீட்டுத் தோட்டத்தில் பூக்காத பேரிக்காய் மரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் செந்தூலில், மூலை வீடு ஒன்றின் பக்கவாட்டு நிலத்தில், விதையிலிருந்து வளர்ந்த பேரிக்காய் மரம் ஒன்று ஆறு ஆண்டுகள் கடந்தும் ஒரு பூக்கூடப் பூக்காமல் நின்றது. வீட்டுத் தோட்டங்களுக்குக் கவாத்து செய்வதும் ஒட்டுக் கட்டுவதும் என் தொழில் என்பதால், மரத்தைப் பார்த்துச் சொல்லும்படி அந்த வீட்டு அம்மா என்னை அழைத்தார். அன்று தொடங்கி மூன்று ஆண்டுகள் அந்த மரத்தோடு நான் பழகியதில் கண்டவற்றையும், செய்தவற்றையும், முதலில் தவறாகச் செய்ததையும் இங்கே முறையாக எழுதி வைக்கிறேன். நம் ஊரில் பேரிக்காய்க் கன்று வாங்கி நடுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். அவர்களில் பலர் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

மரம் வந்த வழி

அந்த அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. பிறந்த ஊர் நீலகிரியில் குன்னூர். திருமணமாகி மலேசியாவுக்கு வந்தவர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில், அவருடைய பிறந்த வீட்டின் கொல்லையில் நாட்டுப் பேரி மரம் ஒன்று இருந்ததாம். கல் போன்ற அந்தக் காயை அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற சுவையை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஒரு சரஸ்வதி பூஜைக்குச் சௌகிட் பாசாரில் வாங்கிய சீனப் பேரிக்காயைப் படையல் முடிந்து நறுக்கியபோது, கறுத்து முற்றிய விதைகள் கிடைத்தன. அவற்றை அவர் ஈரத்தாளில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தார். பேரி விதை குளிர் கண்ட பிறகே முளைக்கும் என்று சிறு வயதில் தன் தகப்பனார் சொல்லக் கேட்டதைத்தான் அவர் செய்தார். தோட்டக்கலையும் அதையேதான் சொல்கிறது: பேரி விதை உறைநிலைக்குச் சற்று மேலான ஈரக் குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் அதன் முளைக்கருவின் உறக்கம் கலையும். நான்கு விதைகள் முளைத்தன. இரண்டு நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. மீதி இரண்டில் ஒன்று செந்தூலில் மண் பிடித்தது. மற்றொன்று பினாங்கு பாலிக் பூலாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனது. இந்த இரண்டாவது கன்று பின்னால் பெரிதும் உதவியது.

முதல் பார்வையில் கண்டது

நான் பார்த்த நாளில் மரம் ஐந்து மீட்டருக்குக் குறையாத உயரம். அடித்தண்டிலும் கீழ்க்கிளைகளிலும் விரல் நீள முட்கள் இருந்தன. விதையிலிருந்து வந்த பேரி தன் இளம் பருவத்தில் முள் விடுவது இயல்புதான். மேல் கிளைகளில் முள் குறைந்திருந்ததால், மரம் அந்தப் பருவத்தைக் கடந்துவிட்டது, பூக்கும் வயது அதற்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இலைகள் எண்ணெய் தடவியது போல் பளபளத்தன. நோயின் தடம் இல்லை, பூச்சியின் கடி இல்லை.

ஒரு கிளையை வளைத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. நுனியில் செம்பு நிறத்தில் இளந்தளிர், அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கரும்பச்சை இலைகள், அதற்கும் கீழே இரண்டு முழ நீளத்துக்கு வெறுங்குச்சி. அந்த வெறுங்குச்சியில் இலை இருந்த தழும்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தழும்பின் மேலும் ஒரு மொட்டு, அரை அரிசி அளவில், பட்டையோடு ஒட்டித் தட்டையாகப் படுத்திருந்தது. ஒன்றுகூட விழிக்கவில்லை. நுனி மொட்டு மட்டுமே திரும்பத் திரும்பத் தளிர்த்து ஓடியிருக்கிறது. குச்சியின் மேல் நான்கு இடங்களில் இருந்த வளையத் தடங்கள் அது நான்கு முறை ஓடியதைக் காட்டின. பேரி மரம் பூப்பது பெரும்பாலும் கட்டைவிரல் நீளமே உள்ள குறுங்கிளைகளில்தான். மரம் முழுவதும் தேடியதில் அப்படிப்பட்டவை மூன்றுதான் அகப்பட்டன.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்மண், அரை மீட்டர் ஆழத்தில் வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டுகள், புளிப்பு மிகுதி; கார அமிலத் தாளில் அளவு 5க்குக் கீழே காட்டியது. டோலமைட் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட்டுச் சரிசெய்தோம். பூக்காததற்கு மண் காரணமல்ல.

நான் செய்த தவறு

முதல் ஆண்டில் என் கணிப்பு பிழையாகிவிட்டது. நுனி ஓட்டத்தை வெட்டினால் பக்க மொட்டுகள் விழிக்கும், உரம் இட்டால் பூ வைக்கப் பலம் வரும் என்று எண்ணி, மேல் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, கோழி எருவோடு கலப்பு உரமும் இடச் சொன்னேன். மா, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றைக் கவாத்து செய்து பழகிய கை அது. மூன்று மாதத்தில் வெட்டிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் பூக்காமல் செங்குத்தாக ஓடும் நீர்ப்போத்துகள் ஆள் உயரத்துக்குக் கிளம்பின. இருந்த மூன்று குறுங்கிளைகளில் இரண்டு அவற்றின் நிழலில் காய்ந்தன. ஓராண்டு வீணாயிற்று. அதை அந்த அம்மாவிடம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. போத்துகளை அண்ணாந்து பார்த்தபடி, "தம்பி, சோறு போடப் போட இது ஓடிக்கிட்டே இருக்கு. குன்னூர்ல எங்க மரம் மார்கழியில மொட்டையா நிக்கும், செத்துப்போன மாதிரி. அப்புறந்தான் பூக்கும். இது ஒருநாளும் மொட்டையா நின்னு நான் பாக்கல" என்றார். நோயறிதல் முழுவதும் அந்தப் பேச்சிலேயே இருந்தது.

குளிரின் கணக்கு

பேரி, ஆப்பிள், பீச் போன்ற மரங்கள் குளிர் நாட்டில் இலையுதிர்த்து உறங்குகின்றன. உறக்கம் முழுமையாகக் கலைவதற்கு 7 டிகிரி செல்சியஸையொட்டியும் அதற்குக் கீழும் உள்ள குளிரில் இத்தனை மணி நேரம் கழிய வேண்டும் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பியப் பேரி வகைகளில் பலவற்றுக்கு 600 மணி முதல் 1,000 மணிக்கு மேலும் தேவை. ஆசியப் பேரி வகைகளுக்குப் பொதுவாக அதைவிடக் குறைவு. ஃப்ளோரிடா போன்ற வெப்பப் பகுதிகளுக்கு ஏற்ற ஃப்ளோர்டாஹோம், ஹூட் முதலிய குறைகுளிர் வகைகளுக்கும் நூற்றுக்கணக்கில்தான் மணிக்கணக்கு.

கோலாலம்பூரில் விடியற்காலை வெப்பமே 23, 24 டிகிரியில் நிற்கிறது. கேமரன் மலைக்கு எடுத்துச் சென்றால் சரியாகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். மலேசிய வானிலை நிலையங்களின் பதிவில் உள்ள மிகக் குறைந்த வெப்பமே கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1 அன்று பதிவான 7.8 டிகிரிதான். குளிர் மணிகளை எண்ணும் பழைய 7.2 டிகிரி வரம்பை அப்படியே வைத்துப் பார்த்தால், அந்தப் பதிவிலுள்ள மிகக் குளிர்ந்த இரவுகூட ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்திராது. விதைக்கு வேண்டிய குளிரை ஐஸ்பெட்டி கொடுத்துவிட்டது. மரத்துக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால், மரத்தை வெட்டிவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதுதான் இந்த மரத்துக்கு வழி திறந்தது. ஆப்பிளும் பேரியும் வளர்ச்சியை நிறுத்தி உறக்கத்துக்குள் போவதைத் தீர்மானிப்பது பகல் குறுகுவதல்ல, குளிர்தான் என்று நார்வேயில் ஹைடே, பிரெஸ்ட்ரூட் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அப்படியென்றால், பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அரை மணி நேரம்கூட மாறாத, குளிரே தெரியாத செந்தூலில், இந்த மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போயிருக்கவே முடியாது. தட்டையாகப் படுத்திருந்த அந்த மொட்டுகளை அடக்கி வைத்திருந்தவை, மேலே ஓடிக்கொண்டிருந்த நுனியும், பக்கத்திலேயே இருந்த முதிர்ந்த இலைகளும்தான். ஆழ்ந்து உறங்கியதை எழுப்பக் குளிர் வேண்டும். அடக்கி வைக்கப்பட்டதை எழுப்ப, அடக்குவதை நீக்கினால் போதும். நானோ உரத்தையும் கவாத்தையும் கொண்டு அந்த ஓட்டத்தை இன்னும் விரட்டியிருக்கிறேன்.

இந்த வழியில் உலகத்தில் முன்னரே நடந்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் மாலாங், பத்து பகுதியில், அறுவடைக்குப் பின் ஆப்பிள் மரங்களின் இலைகளைக் கையாலேயே உருவி, மொட்டுகள் உறக்கத்தில் ஆழ்வதற்கு முன்பே எழுப்பி, ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் காய் எடுக்கிறார்கள். அது நடுத்தர உயரமுள்ள மலைப்பகுதி, இரவில் நம் ஊரைவிடக் குளிர்ச்சி. ஆனாலும் பனிக்குளிர் இல்லை. தைவானில் வேறு வழி கண்டார்கள்: 1970களிலிருந்து தைச்சுங் பகுதி விவசாயிகள், தாழ்நிலத்தில் வளரும் ஹெங்ஷான் பேரி மரங்களின் மேல், குளிரில் இருந்த உயர்ரகப் பேரியின் பூமொட்டுள்ள குச்சிகளை ஆண்டுதோறும் புதிதாக ஒட்டிக் காய் எடுக்கிறார்கள். அந்த உழைப்பை நினைக்கும்போது எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. நமக்கு அந்த வழி எளிதல்ல. வெளிநாட்டிலிருந்து ஒட்டுக்குச்சி கொண்டுவர 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் இறக்குமதி அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது நாட்டுக்கே நோய் கொண்டுவரும் செயல்.

ஓட்டத்தை நிறுத்தியது

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து உரத்தை அடியோடு நிறுத்தினோம். நீர்ப்போத்துகளை வெட்டவில்லை, நல்ல இடத்தில் இருந்த ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு பிடுங்கி எடுத்தேன். வைத்துக்கொண்டவற்றைத் துணிப்பட்டையால் கட்டி, தரையில் அடித்த முளைகளுக்கு இழுத்து, ஏறத்தாழ படுக்கைவாட்டில் வளைத்தேன். நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனியின் அதிகாரம் கீழ் மொட்டுகளை அடக்குகிறது. கிளை படுத்துவிட்டால் அந்த அதிகாரம் தளர்ந்து, நடுவிலுள்ள மொட்டுகள் குறுங்கிளைகளாகத் திரும்புகின்றன. வளைக்கும்போது ஒரு கிளை அடியில் கீறிவிட்டது. காலையில் வளைத்ததால் வந்த கேடு அது. வெயில் ஏறி, குச்சி சற்றுத் தளர்ந்த பிற்பகலில் வளைத்தவை எல்லாம் தாங்கின.

ஜூன், ஜூலையில் மழை குறைந்த வாரங்களில் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தினோம். அந்த அம்மாவுக்கு அது மிகவும் கடினமாக இருந்தது. மாலையில் வாளியோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவார் என்று மருமகள் சொன்னார்.

நுனிகள் ஓடுவதை நிறுத்தி, கடைசி இலைகளும் கரும்பச்சையாக முற்றிய பிறகு, இலைகளை உரித்தோம். இலையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் காம்போடு சேர்ந்து அதன் அடியிலுள்ள மொட்டும் பெயர்ந்துவிடும். ஆகவே ஒவ்வோர் இலையையும் கத்தரியால் காம்பின் நடுவில் வெட்டினோம். மிச்சக் காம்பு ஒரு வாரத்தில் தானே மஞ்சளாகி உதிர்ந்தது. இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் வேலை. முடித்தபோது மரம் முழுக்க மொட்டையாக நின்றது. "இப்பத்தான் எங்க ஊர் மரம் மாதிரி இருக்கு" என்று அந்த அம்மா அதைச் சுற்றி வந்தார்.

பன்னிரண்டாம் நாளில் மொட்டுகள் உப்பத் தொடங்கின. வெறுங்குச்சிகளில் படுத்திருந்தவற்றில் பாதிக்கு மேல் விழித்தன. பெரும்பாலானவை இலைதான். படுக்க வைத்த இரண்டு கிளைகளில் மட்டும் நான்கு பூங்கொத்துகள் வந்தன. ஒரு கொத்தில் ஆறேழு பூக்கள். பால் வெள்ளை இதழ் ஐந்து, நடுவில் கருஞ்சிவப்பு மகரந்தப் பைகள், அவை வெடித்ததும் இரண்டு நாளில் கறுத்துவிடுகின்றன. முகர்ந்தால் கருவாட்டின் சாயல் கொண்ட ஒரு மணம் வந்தது. பேரிப் பூவுக்கு அது இயல்பு. ஆனாலும் அந்த வீட்டில் அன்று பூக்களுக்குக் கற்பூரம் காட்டினார்கள்.

காய் நிற்காததும் அதன் விடையும்

ஒரே ஒரு பிஞ்சு தங்கியது. நெல்லிக்காய் அளவு வந்ததும் அதுவும் உதிர்ந்தது. அதைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். பேரிப் பிஞ்சுக்குள் ஐந்து அறைகள், அறைக்கு இரண்டாகப் பத்து விதைகள் வரை உருவாக இடம் உண்டு. இந்தப் பிஞ்சில் ஐந்து அறைகளும் இருந்தன. உள்ளே பத்து வெளிறிய சருகுகள் மட்டுமே கிடந்தன. ஒரு விதையும் பிடிக்கவில்லை. விதை பிடிக்காத பிஞ்சைப் பெரும்பாலான பேரி மரங்கள் வைத்துக்கொள்வதில்லை. பேரி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம். சூலகத்தண்டு தன் குலத்து மகரந்தக் குழாயை அடையாளம் கண்டு பாதியிலேயே நிறுத்திவிடும். செந்தூலில் வேறு பேரி மரம் இல்லை.

அப்போதுதான் பாலிக் பூலாவுக் கன்றின் நினைவு வந்தது. இரண்டும் ஒரே காயின் விதைகள், ஆகவே பொருத்தம் உறுதியல்ல. தாயும் தந்தையும் ஒன்றேயென்றால், இரண்டு உடன்பிறப்புகள் முற்றிலும் பொருந்தாமல் போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மற்ற மூன்று பங்கில் முழுமையாகவோ பாதியாகவோ பொருந்தும். முயலத் தகுந்த கணக்கு அது. மூன்றாம் ஆண்டில் பினாங்கு மாப்பிள்ளைக்குத் தொலைபேசியில் வளைப்பதையும் உரிப்பதையும் விளக்கி, இரண்டு மரங்களையும் ஒரே வார இறுதியில் மொட்டையடித்தோம்.

பாலிக் பூலாவு மரம் நான்கு நாள் முந்திப் பூத்தது. அது நன்மையாகவே முடிந்தது. மலரும் தறுவாயில் இருந்த மொட்டுகளிலிருந்து மகரந்தப் பைகளைப் பறித்து, வெள்ளைத்தாளில் பரப்பி, ஓர் இரவு உலரவிட்டு, வெடித்த தூளைச் சிலிக்கா மணிகளோடு சிறு குப்பியில் அடைத்தார்கள். பேரன் அதைப் பனிக்கட்டிப் பைக்குள் வைத்து, படகில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தான். பிறகு மூன்று நாள் அது அதே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தது.

செந்தூல் மரத்தில் இந்த முறை பதினொரு கொத்துகள். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணி முதல், சிறு ஓவியத் தூரிகையால் முப்பத்தொரு பூக்களுக்கு நானே தூள் தொட்டு வைத்தேன். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டி வந்தார். தூள் தொடாத பூக்கள் அனைத்தும் பத்து நாளில் உதிர்ந்தன. நூல் கட்டியவற்றில் ஆறு பிஞ்சாயின. நான்கு ஐந்தாம் வாரத்துக்குள் விழுந்தன. விழுந்தவற்றை அறுத்தபோது ஒன்றில் இரண்டு விதை, ஒன்றில் நான்கு விதை உருண்டு நின்றன. மகரந்தம் பொருந்தியது என்பதற்கு அதுவே சான்று. அவை ஏன் விழுந்தன என்பதற்கு இரவின் வெப்பத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். சூடான இரவில் மரம் தன் சேமிப்பைச் சுவாசத்திலேயே செலவழிக்கிறது, பிஞ்சுக்கு மிஞ்சுவது குறைவு.

என் கருத்து

காய்க்காகப் பேரி நட விரும்புகிறவர்களுக்குக் கோலாலம்பூர் ஏற்ற இடமல்ல. அந்த நிலத்தில் ஒரு கொய்யாவோ சீத்தாவோ இதில் நூறில் ஒரு பங்கு உழைப்புக்குக் கூடை கூடையாகக் கொடுக்கும். மரத்தின்மேல் உள்ள பாசத்தால் நடுகிறவர்கள், விதைக்கன்றை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுக்கக்கூடிய இரண்டு குறைகுளிர் வகைகளின் ஒட்டுக்கன்றுகளைச் சேர்த்து நடட்டும். வகையின் பெயரைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். உரத்தைக் கைக்கு அடக்கமாக வைத்து, கிளைகளைத் தொடக்கத்திலிருந்தே படுக்கைவாட்டில் கட்டி வளர்க்கட்டும். மொட்டு விழிக்க வைக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்து பல நாடுகளின் தோட்டங்களில் தெளிக்கப்படுகிறது. அது உடலுக்குக் கொடியது, அதைக் கையாண்டவர் அந்த நாட்களில் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகள் விளையாடும் வீட்டு முற்றத்தில் அதற்கு இடமே இல்லை. கத்தரியும் ஒன்றரை நாள் பொறுமையும் போதும்.

இதை எழுதும் நாளில் தூள் தொட்டு ஒன்பது வாரம் ஆகிறது. இரண்டு காய்கள் மரத்தில் நிற்கின்றன. பழ ஈ முட்டையிடாமல் இருக்க, நட்சத்திரப் பழத்துக்குக் கட்டும் அதே தாள் பையை இரண்டுக்கும் கட்டியிருக்கிறோம். சென்ற ஞாயிறு பையை அவிழ்த்து அளந்தபோது பெரியது நான்கு சென்டிமீட்டர் குறுக்களவு, காம்பு வைரம் பாய்ந்து பழுப்பேறியிருந்தது; சிறியதில் ஒரு பக்கம் சூம்பியிருக்கிறது, அது நிற்காது என்றே நினைக்கிறேன். அடுத்த இலை உரிப்பைக் காய் இறங்கும்வரை தள்ளிவைத்திருக்கிறோம். பாலிக் பூலாவுக்கும் அதுவரை கத்தரியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.